சின்ன விமானமா, பெரிய விமானமா? சீனக்குடாவிலிருந்து ஒரு வரலாற்றுக் கணக்கு

 

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சீனக்குடா விமான நிலையத்தைப் பொதுமக்களின் பயணத்துக்கு முழுமையாகத் திறக்க வேண்டும் என்ற கதை எங்கள் ஊரில் அடிக்கடி வரும். தேர்தல் வந்தால் வரும், உல்லாசப் பயணிகள் கூடினால் வரும், யாராவது நோயாளியைக் கொழும்புக்குக் கொண்டு ஓடினால் வரும். அப்படிக் கதை வரும்போதெல்லாம் தேநீர்க் கடையில் ஒரு குரல் கேட்கும்: "இங்க வாறதெல்லாம் சின்ன பிளேன்தானே. அதில யார் போறது? ஒடுக்கம், சத்தம், குலுக்கம். வந்தால் கட்டுநாயக்கவில நிக்கிற மாதிரிப் பெரிய பிளேன் வரவேணும்."

இந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை? சின்ன விமானம் என்றால் கஷ்டம், பெரிய விமானம் என்றால் சுகம் என்ற கணக்கு சரியா? இதற்குப் பதில் சொல்ல எங்கள் நாட்டு விமான வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றில் எங்கள் திருகோணமலைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது.

1. ஆகாயத்தோடு எங்கள் ஊரின் பழக்கம்

சீனக்குடா ஓடுபாதை பயணிகளுக்காகப் போடப்பட்டதல்ல. பிரித்தானிய விமானப் படைக்காகப் போடப்பட்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது, எதிர்த்துப் பறந்த ஹரிகேன் விமானங்கள் மேலே எழுந்ததும் இங்கிருந்துதான். நிலாவெளி வீதியில் போகும்போது உப்புவெளியில் நாம் தினமும் கடந்து செல்லும் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கடற்படையினரோடு விமானப் படையினரும் உறங்குகிறார்கள். 1957 இல் பிரித்தானியர் தளங்களைக் கையளித்துவிட்டுப் போனார்கள். ஓடுபாதை எங்கள் விமானப் படையிடம் வந்தது. இன்றும் அவர்களிடமே இருக்கிறது. நீளம் ஏறத்தாழ 2,400 மீற்றர். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2. டகோட்டா காலம்

சுதந்திரத்துக்குச் சில வாரங்கள் முன்பு, 1947 டிசம்பர் 10 ஆம் திகதி, எயார் சிலோன் தனது முதல் பயணிகள் விமானத்தை அனுப்பியது. இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை என்று அன்று சொன்னது இன்றைய பலாலியை. ஓடிய விமானம் டக்ளஸ் டகோட்டா. போர் முடிந்து மிஞ்சிய விமானங்களை வாங்கி, ஆசனம் பூட்டி, சீதா தேவி, விகாரமகா தேவி, சுனேத்ரா தேவி என்று பெயர் வைத்தார்கள்.

டகோட்டாவின் மூல வடிவம் முதன்முதலில் பறந்தது 1935 இல். அதற்கு முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்குக் கீழே ஒரு சின்னச் சக்கரம். ஆகவே தரையில் நிற்கும்போது மூக்கு மேலே, வால் கீழே. பயணி வாசலால் ஏறியதும் மலை ஏறுவது போல நடைபாதையில் மேல்நோக்கி நடந்து தன் ஆசனத்துக்குப் போகவேண்டும். 30 பேருக்கு உட்பட்ட இடம். மணிக்கு 300 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைந்த வேகம்.

அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே காற்றழுத்தம் கட்டுப்படுத்தும் வசதி அதில் இல்லை. உயரப் போனால் மூச்சு முட்டும். அதனால் 10,000 அடிக்குக் கீழேயே பறக்கவேண்டும். அந்த உயரம் மேகமும் மழையும் வெப்பக் காற்றும் விளையாடும் இடம். வடகீழ்ப் பருவ மழைக் காலத்தில் எங்கள் கரையோர வானம் எப்படி இருக்கும் என்று மீனவச் சகோதரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டகோட்டா அந்த மழையைச் சுற்றிப் போகலாம், இல்லாவிட்டால் அதற்குள்ளால் போகலாம். மேலால் போக முடியாது. இறங்கும்போது காது அடைக்கும். உமிழ்நீர் விழுங்கினால் காது திறக்கும் என்பதால் இனிப்பு கொடுப்பது அக்கால விமானங்களில் உலகெங்கும் இருந்த வழக்கம்.

இவ்வளவு கஷ்டத்தோடும் மக்கள் ஏன் போனார்கள்? மாற்று வழியை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ரயிலில் ஓர் இரவு. சென்னைக்குப் போவதென்றால் தலைமன்னார் போய், கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, திரும்பவும் ரயில். டகோட்டாவின் குலுக்கல் இரண்டு மணித்தியாலம். மற்றது இரண்டு நாள். ஆசனத்தின் மெத்தை எவ்வளவு மென்மை என்று பார்ப்பதற்கு முன் அந்த ஆசனத்தில் எத்தனை மணித்தியாலம் இருக்கவேண்டும் என்று பார்க்கவேண்டும். எங்கள் முன்னோர் அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள்.

3. அவ்ரோ: சின்ன விமானம் சுகமான விமானம் ஆனது

டகோட்டாவுக்குப் பதில் என்ன என்று உலகமே தேடிய காலத்தில் இங்கிலாந்தில் உருவானது அவ்ரோ 748. முதன்முதலில் பறந்தது 1960 இல். 1964 இல் எயார் சிலோனுக்கு வந்தது. இந்தியாவில் இதே விமானத்தைக் கான்பூரில் கட்டினார்கள்.

இதிலும் காற்றாடி இரண்டுதான். ஆனால் அதைச் சுழற்றியது பழைய பிஸ்டன் இயந்திரமல்ல. ரோல்ஸ் ரொய்ஸ் டார்ட் என்ற விசையாழி இயந்திரம். பிஸ்டனின் அதிர்வு போய்விட்டது. சத்தம் இருந்தது, ஆனால் ஒரே சீரான இரைச்சல். மூக்குச் சக்கரம் இருந்ததால் நடைபாதை சமதரை. எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே காற்றழுத்தம் கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் டகோட்டாவால் போகமுடியாத உயரத்துக்குப் போய், பல மேகங்களுக்கு மேலால் பறக்க முடிந்தது. காது வலியும் குறைந்தது. வரிசைக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு ஆசனம். ஏறத்தாழ 48 பேர்.

எயார் சிலோனின் உள்நாட்டு அட்டவணையில் யாழ்ப்பாணத்தோடு கல்லோயாவும் திருகோணமலையும் இருந்த காலம் அது. இன்று எங்கள் பிள்ளைகளிடம் "ஒரு காலத்தில் சீனக்குடாவுக்கு அட்டவணை போட்டுப் பயணிகள் விமானம் வந்தது" என்று சொன்னால், கதை விடுகிறோம் என்று நினைக்கிறார்கள்.

4. டிரைடன்ட்: ஒரே நிறுவனத்தில் சின்னதும் பெரியதும்

1969 இல் எயார் சிலோனுக்கு ஒரு ஜெட் வந்தது. ஹோக்கர் சிட்லி டிரைடன்ட். வால் பக்கத்தில் மூன்று இயந்திரம், நடுவில் ஒரு நடைபாதை, இரு பக்கமும் மும்மூன்று ஆசனம். இன்றைய எயார்பஸ் 320, போயிங் 737 எல்லாம் இதே ஒற்றை நடைபாதைக் குடும்பம்தான். டிரைடன்ட் கட்டுநாயக்கவிலிருந்து இந்தியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் பறந்தது. மணிக்கு 900 கிலோமீற்றருக்கு மேல் வேகம். மேகங்கள் எல்லாம் கீழே. முன் ஆசனங்களில் இருப்பவருக்கு இயந்திரச் சத்தமே பெரிதாகக் கேட்காது. பின் ஆசனங்களில் இருப்பவருக்குக் காதுக்குப் பக்கத்திலேயே இரைச்சல்.

ஆக, எங்கள் நாட்டின் ஒரே நிறுவனத்தில் ஒரே காலத்தில் அவ்ரோவும் டிரைடன்டும் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வேகத்திலும் உயரத்திலும் சத்தத்திலும் டிரைடன்ட் வென்றது. ஆனால் அவ்ரோவில் நடு ஆசனம் என்ற ஒன்று இல்லை. யாரும் இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கப்பட்டு இருக்கவில்லை. அதோடு, அவ்ரோ சின்ன ஊர்களுக்கு வந்தது. டிரைடன்ட்டுக்காகக் காத்திருந்திருந்தால் கல்லோயாக்காரர் விமானத்தைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்.

அந்தக் காலம் நல்லபடியாக முடியவில்லை. 1978 செப்டம்பர் 7 ஆம் திகதி இரத்மலானையில் நின்ற ஓர் அவ்ரோ குண்டுவெடிப்பில் தரையிலேயே அழிந்தது. உயிர்ச் சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். நட்டத்தில் ஓடிய எயார் சிலோனும் அத்தோடு அடங்கியது. 1979 செப்டம்பர் 1 ஆம் திகதி எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. அதன் பார்வை லண்டன், வளைகுடா, சிங்கப்பூர் என்று தூர தேசங்களில் இருந்தது. பிறகு போர் வந்தது.

5. சுகம் என்ற சொல்லே மறந்த காலம்

போர்க் காலத்தில் வடக்கு மக்களுக்கு விமானம் என்றால் சொகுசு அல்ல. பாதை மூடியபோது இருந்த ஒரு சில வாசல்களில் அதுவும் ஒன்று. மற்றது கப்பல். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வழியாகக் கப்பலில் வந்து எங்கள் திருகோணமலையில் இறங்கிய மக்களை நினைவுள்ளவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். குழந்தையும் பெட்டியுமாக, களைத்த முகத்தோடு.

1998 செப்டம்பர் 29 ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அந்தனோவ் 24 விமானம் மன்னார் கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது. பயணிகளும் பணியாளருமாக 55 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. "சின்ன விமானம் என்றாலே பயம்" என்ற எண்ணம் எங்கள் மக்களிடம் வந்ததில் இந்தச் சம்பவத்துக்கும் பங்குண்டு. ஆனால் அந்த விமானத்தை விழுத்தியது அதன் அளவு அல்ல. அது போரின் கணக்கு. அந்தப் பழியை இன்றைய சின்ன விமானத்தின் தலையில் போடுவது நீதியல்ல.

6. இப்போது அளவுகோலை எடுப்போம்

வகுப்பில் செய்வது போல ஒரு சின்னக் கணக்கு. விமானத்தின் உள் அகலத்தை எடுப்போம். நடைபாதைக்கு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி 48 சென்ரிமீற்றர் என்று வைத்துக் கழிப்போம். மிச்சத்தை வரிசையிலுள்ள ஆசனங்களின் எண்ணிக்கையால் பிரிப்போம். கைப்பிடியும் சேர்த்து ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும்.

• போயிங் 737: உள் அகலம் 3.54 மீற்றர், வரிசைக்கு 6 பேர். ஒருவருக்கு 51 செ.மீ.
• எயார்பஸ் 320: 3.70 மீற்றர், 6 பேர். ஒருவருக்கு 53 செ.மீ. மேல்.
• ஏரிஆர் 72 (காற்றாடி விமானம்): 2.57 மீற்றர், 4 பேர். ஒருவருக்கு 52 செ.மீ.
• எம்பிரேயர் 170, 190 வகை (சின்ன ஜெட்): 2.74 மீற்றர், 4 பேர். ஒருவருக்கு 56 செ.மீ. மேல்.

பார்த்தீர்களா? பட்டியலில் தோளுக்கு அதிக இடம் தருவது சின்ன ஜெட். காற்றாடி விமானமே 737 ஐ விட ஒரு விரல் அகலம் கூடத் தருகிறது. பெரிய விமானத்தின் அகலம் பெரிதுதான். ஆனால் அந்த அகலத்துக்குள் ஆறு பேரை இருத்துகிறார்கள். வீடு பெரிதானாலும் சனம் கூடினால் பாய் விரிக்க இடமில்லை என்பது போல.

இதற்குப் பின்னாலும் ஒரு வரலாறு உண்டு. போயிங் 737 முதன்முதலில் பறந்தது 1967 இல். அதன் உடலகலம் புதிதாக யோசித்ததல்ல. 1958 இல் சேவைக்கு வந்த 707 இன் அகலத்தையே எடுத்தார்கள். இன்று புத்தம் புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வரும் 737 மக்ஸிலும் அதே அகலம்தான். அறுபத்தைந்து வருடத்துக்கு முந்திய பயணியின் இடுப்புக்கு எடுத்த அளவில் இன்றைய பயணி இருக்கிறார். 1987 இல் முதன்முதலில் பறந்த எயார்பஸ் 320 ஐ அதைவிடக் கொஞ்சம் அகலமாகக் கட்டினார்கள். அதனால்தான் இரண்டிலும் போய் வந்தவர்கள் "இது கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்வார்கள்.

சின்ன ஜெட்டுகளுக்குக் கெட்ட பெயர் வந்ததற்கும் காரணம் இருக்கிறது. கனடாவின் சிஆர்ஜே 1991 இல் முதன்முதலில் பறந்தது. செல்வந்தர்கள் தனியாகப் பறக்கக் கட்டிய சலஞ்சர் என்ற விமானத்தை நீட்டித்தான் அதைச் செய்தார்கள். பத்துப் பேர் சாய்ந்து இருந்து போகும் குழாயில் 50 பேரை நிமிர்த்தி இருத்தினால் எப்படி இருக்கும்? கூரை தாழ்வு. சுவர் தோளில் இடிக்கும். யன்னல் தாழ்வில் இருந்ததால் குனிந்துதான் வெளியே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கில் ஓடியதால் அந்தப் புகார் உலகம் முழுக்கப் பரவியது.

பிரேசில்காரர் அதிலிருந்து பாடம் படித்தார்கள். 2002 இல் முதன்முதலில் பறந்த எம்பிரேயர் 170 ஐ ஒன்றை நீட்டிச் செய்யவில்லை. பயணியை முதலில் இருத்திவிட்டு அவரைச் சுற்றி விமானத்தைக் கட்டியது போலச் செய்தார்கள். உடலின் குறுக்குவெட்டு முழு வட்டமல்ல. இரண்டு வட்டத்தை மேலும் கீழும் பொருத்திய வடிவம். அதனால் தோள் மட்டத்தில் அகலம், நடைபாதையில் இரண்டு மீற்றர் உயரம். நடு ஆசனம் இல்லை.

7. சின்ன விமானத்தின் குறைகளையும் சொல்லவேண்டும்

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது வரலாறு அல்ல, வியாபாரம். ஆகவே மறுபக்கம்.

முதலாவது, குலுக்கம். பாரம் குறைந்த விமானத்தைக் காற்று இலகுவாக அசைக்கும். ஏரிஆர் போன்ற காற்றாடி விமானம் 25,000 அடிக்கு மேல் போகாது. குறுகிய பயணத்தில் அதைவிடத் தாழ்வாகவே பறக்கும். 35,000 அடியில் போகும் பெரிய ஜெட் தப்பிவிடும் மேகத்துக்குள் இது போகவேண்டி வரலாம். சின்ன ஜெட்டுக்கு இந்தக் குறை குறைவு. அது பெரியதன் உயரத்துக்கே போகும்.

இரண்டாவது, சத்தம். காற்றாடிக்கு நேரே இருக்கும் ஆசனங்களில் இரைச்சல் அதிகம். ஏரிஆரில் காற்றாடி முன் பக்கத்தில் இருப்பதால் பின் ஆசனம் அமைதி. வாலில் இயந்திரம் உள்ள ஜெட்டில் இது தலைகீழ், முன் ஆசனம் அமைதி.

மூன்றாவது, பெட்டி. தலைக்கு மேலுள்ள தட்டு சிறிது. கையில் கொண்டுபோகும் பெட்டியை வாசலில் வாங்கிக் கீழே போடுவார்கள். எங்கள் ஆட்கள் உம்ராவுக்குப் போய் வரும்போதும் வளைகுடாவிலிருந்து வரும்போதும் கொண்டுவரும் சாமானை நினைத்தால், இது சின்னப் பிரச்சினை அல்ல.

நான்காவது, கழிப்பறை. 70 பேருக்கு ஒன்றுதான். நீரிழிவு உள்ள பெரியவர்களுக்கு இது முக்கியம்.

ஆனால் பெரியவர்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. பெரிய ஜெட்டின் வாசல் தரையிலிருந்து நல்ல உயரத்தில். ஏணிப் படி வைத்தால் முழங்கால் நோவுள்ள உம்மாமாருக்கு அது ஒரு மலை. ஏரிஆரின் உடல் தரைக்குக் கிட்ட. வாசல் கதவே படியாகத் திறக்கும். சில படி ஏறினால் உள்ளே.

கால் நீட்டும் இடத்தைப் பற்றி ஒரு சொல். அது விமானத்தின் அளவில் தங்கியதல்ல. ஆசன வரிசைகளுக்கு இடையிலுள்ள தூரத்தைத் தீர்மானிப்பது நிறுவனம். ஒரு காலத்தில் சாதாரண வகுப்பில் 34 அங்குலம் கிடைத்தது. இன்று மலிவுக் கட்டண விமானங்களில் 28 அங்குலம் வரை இறங்கிவிட்டது. விமானம் பெரிதாக, வேகமாக, உயரமாகப் போன அதே காலத்தில் முழங்காலுக்கான இடம் சுருங்கியது. யந்திரம் முன்னேறியது. இலாபக் கணக்கும் கூடவே முன்னேறியது.

8. பலாலி சொல்லும் பாடம்

2019 ஒக்டோபர் 17 ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயாரின் ஏரிஆர் 72 சென்னையிலிருந்து வந்திறங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து ஏரிஆர் 72 ஐ இறக்கியது.

டகோட்டா போன அதே பாதையைப் பாருங்கள். அது திரும்பக் கிடைத்ததும் ஒரு காற்றாடி விமானத்தால்தான். அதில் இருப்பவர் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சென்னையில் இறங்குகிறார். முன்பு அவர் கொழும்புப் பக்கம் 400 கிலோமீற்றர் தெற்கே போய், கட்டுநாயக்கவில் காத்திருந்து, பெரிய ஜெட்டில் ஏறி, தன் வீட்டுப் பக்கமாகவே திரும்ப வடக்கே பறந்து சென்னைக்குப் போனார். அந்த ஜெட் அமைதியாகவும் குலுக்கமில்லாமலும் பறந்திருக்கலாம். ஆனால் அந்தப் பயணம் சுகமானதா? முதுகிடம் கேட்டால் தெரியும்.

கிண்ணியாக்காரருக்கு இது விளங்கும். 2009 இல் பாலம் திறக்கும் வரை, பாதையில் ஏறிக் கடப்பதற்கு எடுத்தது சில நிமிடம்தான். பாதைக்குக் காத்திருந்ததுதான் கஷ்டம். இரவில் பிரசவ வலியோடு வந்தவரிடம் "பாதையின் இருக்கை எப்படி?" என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேளையில் பாதை இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

9. அப்படியானால் எங்களுக்கு எது?

இன்று சீனக்குடாவுக்குப் பொதுப் பயணியாக வரக்கூடியது மிகச் சின்ன விமானம். 2013 இல் தொடங்கிய சினமன் எயாரின் செஸ்னா கரவன். ஒற்றை இயந்திரம், எட்டுப் பேர். பெரும்பாலும் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வரும் உல்லாசப் பயணிகளுக்கான சேவை. வரட்டும், எங்கள் ஊருக்குத் தொழில் தருகிறது. ஆனால் எங்கள் ஆசிரியரும் மீனவரும் வளைகுடாவுக்குப் போகும் தம்பியும் ஏறுகிற விமானம் அதுவல்ல.

கட்டுநாயக்க எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஆறு மணித்தியாலம் வான் ஓடவேண்டும். மூன்று மணித்தியாலம் முன்னுக்கே போய் நிற்கவேண்டும். துபாய்க்குப் பறப்பது நாலரை மணித்தியாலம். பறக்கும் நேரத்தைவிட ஏறுவதற்கு முந்திய நேரம் இரண்டு மடங்கு. இந்தக் கணக்கில் ஆசனத்தின் அகலம் ஒரு செ.மீ. கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இப்போது அந்த 2,400 மீற்றரை நினைவுபடுத்துங்கள். அந்த நீளம் ஒற்றை நடைபாதை ஜெட்டுக்கும் பொருந்தக்கூடியது. ஆகவே "பெரிய பிளேன்" என்ற ஆசை வெறும் கனவல்ல. ஆனால் எயார்பஸ் 320 இல் 180 ஆசனம் அளவில் இருக்கும். கிழக்கிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை அதை நிரப்பலாம். வாரத்துக்கு ஒரு விமானம் யாருக்கு உதவும்? நோயாளி வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பாரா? 70 பேர் ஏறும் ஏரிஆர் என்றால் அதே சனத்துக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை வரும். சென்னை இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர், திருச்சி 400 கிலோமீற்றருக்கும் குறைவு. இந்தத் தூரத்துக்கு ஜெட்டின் வேகம் பத்திருபது நிமிடம்தான் மிச்சம் பிடிக்கும். காற்றாடி எரிபொருளை மிச்சம் பிடிக்கும். வளைகுடா ஏரிஆருக்கு எட்டாத தூரம். அங்கே எம்பிரேயர் 190 போன்ற, 100 பேர் ஏறி 4,000 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் சின்ன ஜெட்தான் கணக்குக்குப் பொருந்தும். அது வந்தால் நடு ஆசனமில்லாமல் போய் வரலாம் என்பது மேலதிக நன்மை.

நாளை யாராவது மேடையில் ஏறி "சீனக்குடாவுக்கு விமானம் கொண்டுவருவோம்" என்று சொன்னால், "பெரிசா, சின்னதா?" என்று கேட்பதை விட்டு இந்த நாலையும் கேட்போம்:

1. வாரத்தில் எத்தனை நாள் வரும்?
2. கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுமா, உல்லாசப் பயணிக்கு மட்டுமா?
3. பெட்டிக்கு எத்தனை கிலோ?
4. நடக்க முடியாதவரையும் படுக்கையில் உள்ள நோயாளியையும் ஏற்றும் வசதி உண்டா?

இந்த நாலுக்கும் பதில் இருந்தால், வருவது காற்றாடியா ஜெட்டா என்பது இரண்டாவது விஷயம். பதில் இல்லாவிட்டால், வருவது எவ்வளவு பெரிய விமானமாக இருந்தாலும் நாங்கள் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பதற்குத்தான் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எயார் சிலோன் காலத்தில் சீனக்குடாவில் ஏறி இறங்கியவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள், வழியனுப்பப் போனவர்கள் எங்கள் மத்தியில் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் வாப்பாவோ மூத்தம்மாவோ அயலில் ஓய்வுபெற்ற ஐயாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை மணிக்கு வந்தது, உள்ளே எப்படி இருந்தது, யார் யார் போனார்கள் என்று. கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பழைய பயணச்சீட்டு, படம் ஏதும் இருந்தால் போடுங்கள். பாடப் புத்தகத்தில் இந்தப் பக்கம் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு நாங்களே சேர்த்து எழுதிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.